கதை விளையாட்டில் பாத்திரம் வளரும் விதம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெங்களூரு அல்சூரில் எங்கள் குடியிருப்புத் தமிழ்ப் பிள்ளைகள் ஞாயிறுதோறும் மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு கதைப் பாத்திரமாக மாறி ஆடும் கற்பனைக் கதை விளையாட்டைப் பற்றி எழுதுகிறேன். 1974இல் அமெரிக்காவில் வெளியான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் இவ்வகைக்கு முன்னோடி. எங்கள் ஆட்டத்தின் விதிகளோ நாங்களே வகுத்தவை.

வலிமை, அறிவு போன்ற ஒவ்வொரு பண்புக்கும் மூன்று அறுமுகப் பகடைகளை உருட்டிக் கூட்டி வந்தோம், சராசரி 10.5, உச்சமான 18 விழுவதோ 216இல் ஒரு வாய்ப்புதான். கூட்டுத்தொகை 5, 6 என்றே விழுந்த ஒரு சிறுமி, தன் பாத்திரம் எதற்கும் உதவாது என்று கண்கலங்கிய பிறகு, நான்கு பகடைகளை உருட்டி மிகக் குறைந்ததை நீக்கும் முறைக்கு மாறினோம். சராசரி 12ஐச் சற்றே தாண்டுகிறது.

பாத்திரம் அனுபவப் புள்ளிகளைச் சேர்த்து வலுப்பெறும் படிநிலை உயர்வில்தான் நான் அதிகம் கற்றேன். அரக்கர்களைக் கொன்றால் மட்டுமே அனுபவப் புள்ளி என்றிருந்தவரை, பிள்ளைகள் வழிப்போக்கரிடமும் வாளை உருவினார்கள். பேசித் தீர்த்தாலும், தோழரைக் காத்தாலும் அதே புள்ளி என்று திருத்தியதும், பகைவனிடம் முதலில் பெயரையும் ஊரையும் கேட்கத் தொடங்கினார்கள்.

பள்ளியில் தமிழ் கற்க வாய்ப்பில்லாத இவர்கள் பாத்திரத்தின் விவரங்களைக் குறிக்கும் தாளைத் தமிழிலேயே நிரப்புகிறார்கள். இத்தகைய ஆட்டங்களை அமைக்கும் முறையைத் தங்கள் சிறுவர் பக்கத்தில் தொடராக வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

தங்கள் வாசகர்,
அல்சூர், பெங்களூரு