நான் எழுதாத பரீட்சைக்கு 539 மார்க்

மாப்ள,

நேத்து நைட்டு குரூப்ல கெட் டுகெதர் பேச்சு ஓடுச்சு. ஆளாளுக்கு பழைய போட்டோவ தேடித் தேடி போட்டானுங்க, பத்தாவது போட்டோ இருக்கு, பிளஸ் ஒன் ஆண்டு விழா போட்டோ இருக்கு, பிளஸ் டூ போட்டோன்னு மட்டும் ஒன்னு கூட இல்ல, எடுத்தாதானே இருக்கும். அந்த கேப்லதான் ஒருத்தன் அவன எவனாச்சும் கூப்டீங்களாடான்னு கேட்டான். உன்னத்தான். நீ குரூப்ப விட்டு போயி எத்தன நாளாச்சுன்னே யாருக்கும் தெரியல. உன் நம்பர் என்கிட்ட இருக்கு, ஆனா போன் போட்டா "என்னடா, சாப்டியா, சரி ஷிஃப்ட்டு இருக்கு"ன்னு ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிரும், சொல்ல வேண்டியது அப்படியே தொண்டையிலயே நிக்கும். அதான் இங்க எழுதுறேன். பேர் போடல, படிச்சா உனக்கே தெரியும்.

பத்தாவது ரிசல்ட்டு வந்தப்ப நீ 285, நான் 480. பரீட்சை நடந்தது உங்க அம்மா ஆஸ்பத்திரியில கெடந்த மாசம், நைட்டு அங்க வராண்டாவுல படுத்துட்டு காலையில முதல் பஸ்ஸ புடிச்சு பரீட்சைக்கு வந்தேன்னு எனக்கே நீ பிளஸ் ஒன்லதான் சொன்ன. கணக்கு, கம்ப்யூட்டர் குரூப் வேணும்னு நீ போய் நின்னதும் இந்த மார்க்குக்கா, பேசாம தொழிற்கல்வி குரூப்ல சேருன்னுட்டாங்க. ரெண்டு நாள் ஆபீஸ் வாசல்ல நின்ன. நாங்கல்லாம் கேண்டீன் பக்கம் உக்காந்து பாத்துட்டுத்தான் இருந்தோம், ஒருத்தனும் வந்து கூட நிக்கல. கடைசியில கெமிஸ்ட்ரி மிஸ்தான் ஹெச்.எம்-கிட்ட பேசி நான் பாத்துக்கறேன் சார்னு உன்ன உள்ள கூட்டிட்டு வந்தாங்க.

அதுக்கப்பறம் நீ படிச்ச படிப்பு இருக்கே, யப்பா. விடியக்காலையில ஒட்டன்சத்திரம் மார்க்கெட்ல உங்க அப்பா கூட மூட்ட எறக்கிட்டு, ஸ்கூல்ல குடுத்த சைக்கிள்ல முருங்கக்கா வாசனையோட வந்து பக்கத்துல உக்காருவ. பல நாள் ஃபர்ஸ்ட் பீரியட் போயிரும், சில நாள் ஆளே வர மாட்ட. ஆனா மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்பறம் எனக்கு இன்டக்ரேஷன் சொல்லிக் குடுத்தது நீதான். நான் பத்தாவதுல அடிச்ச 480-அ வச்சுக்கிட்டு பிளஸ் ஒன் முழுக்க கிரிக்கெட் ஆடிட்டு திரிஞ்சேன், எங்க வீட்லயும் பய நல்லா படிப்பான்னு விட்டுட்டாங்க.

2020 மார்ச் ஞாபகம் இருக்கா? பிளஸ் ஒன் பப்ளிக் ஓடிட்டு இருக்கு, கெமிஸ்ட்ரி 26ஆம் தேதி, அதுக்கு முன்னாடியே ஊரடங்கு போட்டாச்சு. நீ அதிகமா படிச்சு வச்சிருந்தது அந்த ஒரு பேப்பருக்குத்தான், மிஸ்ஸுக்காக. கடைசியில அந்தப் பரீட்சையே இல்லன்னு சொல்லி காலாண்டு, அரையாண்டு மார்க்குக்கு 80 சதவீதம், அட்டெண்டன்ஸுக்கு 20 சதவீதம்னு கணக்கு பண்ணாங்க. மூட்ட தூக்கப் போன நாள் எல்லாம் ஆப்சென்ட்டுதானே மாப்ள. அந்த கெமிஸ்ட்ரி மார்க்கு உனக்கு எவ்ளோ குறைஞ்சுதுன்னு நீ சொல்லவே இல்ல, நானும் கேக்கல.

பிளஸ் டூ-ன்னா எனக்கு ஞாபகம் வர்றது கிளாஸ் ரூமே கெடையாது, எங்க வீட்டு மொட்ட மாடிதான். உன்கிட்ட டச் போன் இல்ல, எங்க அப்பா போன்ல சார் அனுப்புற வீடியோ, இல்லேன்னா கீழ எறங்கி கல்வி டிவி. சிக்னல் கெடைக்கிறது தண்ணி டேங்க் மேல மட்டும்தான், ரெண்டு பேரும் அதுல ஏறி ஒரே இயர்போன ஆளுக்கு ஒரு காதுல மாட்டிக்கிட்டு (அப்ப சமூக இடைவெளியாவது ஒன்னாவது) உக்காந்திருப்போம். 2021 ஜனவரி 19 ஸ்கூல் தொறந்தாங்க. வீட்ல கையெழுத்து வாங்குன லெட்டரு, வாசல்ல காய்ச்சல் பாக்குற துப்பாக்கி, கைல வைட்டமின் மாத்திரை, ஒரு ரூமுக்கு 25 பேர். நீ ஏ ரூம்ல, நான் பி ரூம்ல. மூனு மாசம்கூட இல்ல, அதுவும் முடிஞ்சுது.

ஏப்ரல்ல நடந்த பிராக்டிகல்தான் நாம எல்லாம் ஒன்னா ஸ்கூலுக்கு வந்த கடைசி தடவைன்னு அன்னைக்கு தெரியாது. பிப்பெட்ட வாயில வச்சு உறிஞ்சாதீங்கப்பான்னு மிஸ் கத்துறாங்க, எனக்கு பெர்மாங்கனேட்டு அடர் வயலட்டா போயிருச்சு, லேசா பிங்க் வந்ததும் நிறுத்தணும், உனக்கு கரெக்டா வந்துச்சு, என் பக்கமா திரும்பி ரீடிங்க முணுமுணுன்னு சொன்ன. மாஸ்க் போட்டிருந்ததால மிஸ்ஸுக்கு உன் வாய் அசைஞ்சது தெரியல. சட்டையில இங்க் அடிக்கல, ஜூனியர் பசங்க சமோசா வாங்கி ஃபேர்வெல் குடுக்கல, தியரி முடிஞ்சப்பறம் பாத்துக்கலாம்டான்னு பஸ் ஏறிட்டோம்.

மே மாசம் எப்படி இருந்துச்சுன்னு உனக்கு நான் சொல்ல வேணாம், நம்ம தெருவுலயே ரெண்டு சாவு. அதனால பரீட்சைய வச்சிருக்கணும்னு நான் சொல்லவே மாட்டேன். ஜூன் 5ஆம் தேதி முதல்வர் ரத்துன்னு அறிவிச்சப்ப நான் மாடியில நின்னு விசில் அடிச்சேன். நீ செவுத்துல சாஞ்சு உக்காந்துட்டு "அப்ப நாம படிச்சது?"ன்னு கேட்ட. நாம-ன்னு என்னையும் சேத்துக்கிட்ட பாரு, அதான்டா நீ.

அப்பறம் பரீட்சை இல்லாமயே மார்க் போட்ட அந்த ஃபார்முலா. பத்தாவதுல அதிக மார்க் எடுத்த மூனு பாடத்தோட சராசரிக்கு 50 சதவீதம், பிளஸ் ஒன்னுக்கு 20, பிளஸ் டூ பிராக்டிகல், இன்டர்னலுக்கு 30. எனக்கு மூனு பாடம் சராசரி 97, அதுலயே 48.5 வந்துருச்சு. பிளஸ் ஒன்ல நான் வாங்குனது 57 சதவீதம்தான், அதுக்கு ஒரு பதினொன்னு. கடைசி 30 உனக்கும் எனக்கும் முழுசு. உனக்கு பத்தாவது சராசரி 62, அதுலருந்து 31 மட்டும். பிளஸ் ஒன்ல நீ 92 சதவீதம் எடுத்தது வெறும் 18.4-ஆ சுருங்கிப் போச்சு. ஜூலை 19 மெசேஜ் வருது, 600-க்கு எனக்கு 539, உனக்கு 476. 8 லட்சம் பேரும் பாஸ்னு டிவில சொல்றான். உங்க அம்மா படுத்திருந்த அந்த ஒரு மாசம்தான் உன் மார்க்குல பாதிய முடிவு பண்ணுச்சுடா. நான் ரெண்டு வருஷம் ஊர் சுத்துனதுக்கு எனக்கு ஒன்னுமே ஆகல.

இதெல்லாம் கவர்மென்ட் போட்ட கணக்கு, அத விடு. நான் பண்ணதுக்கு வர்றேன். அந்த 539-அ ஸ்டேட்டஸ்ல வச்சேன். "ஹார்டு வொர்க்"னு எழுதி, கை முறுக்குற பொம்மையெல்லாம் போட்டு. உங்க அண்ணன் போன்ல நீ அத பாத்துட்டு "சூப்பர்டா மாப்ள"ன்னு அனுப்புன. நான் உன் மார்க்க கேக்கவே இல்ல, நாலு நாள் கழிச்சு வேற ஒருத்தன் சொல்லித்தான் தெரியும். ஆகஸ்ட்ல திருப்தி இல்லாதவங்க மறுபடி எழுதலாம்னு சொன்னாங்க, அப்ப ஒரு போன் போட்டு எழுதுடான்னு சொல்லியிருக்கலாம். நான் அப்ப இன்ஜினியரிங் அப்ளிகேஷன் வேலையில மும்முரமா இருந்தேன். நீ அதுக்குள்ள திருப்பூர் போயிட்ட.

இதவிட ஒன்னு இருக்கு. அரசுப் பள்ளி பசங்களுக்கு 7.5 சதவீதம் ஒதுக்கீடு இன்ஜினியரிங்குக்கும் வந்தது அந்த வருஷம்தான். ஃபீஸ், ஹாஸ்டல் எல்லாம் அரசே கட்டும்னு சொன்னது செப்டம்பர்ல, அப்ளிகேஷன் தேதி முடிஞ்சு ஒரு மாசம் ஆகப் போற நேரத்துல. நீ பணம் இல்லன்னு அப்ளையே பண்ணல. நான் அந்த கோட்டாவுல சீட்டு வாங்கி, ஒத்த ரூபா கட்டாம படிச்சு முடிச்சேன். அப்ளிகேஷன் போட்டு வைப்போம்டா, வந்தா பாப்போம்னு நான் ஒரு வார்த்த சொல்லியிருந்தா நீ போட்டிருப்ப, நான் சொன்னா கேப்பியே நீ. ஒன்னாவே படிச்சிருப்போம். இத நெனச்சாதான் தூக்கம் வராது.

நீ இப்ப கட்டிங் மாஸ்டர் ஆயிட்டேன்னு, தங்கச்சிய காலேஜ்ல சேத்துட்டேன்னு உங்க அப்பா மார்க்கெட்ல வச்சு சொன்னாரு. சொல்றப்ப அவர் மூஞ்சியப் பாக்கணுமே. பாவம்னு உன்ன பாக்குறதுக்கு எனக்கு ஒரு அருகதையும் இல்ல, அப்படி பாக்கவும் இல்ல. மன்னிச்சுருன்னு கேட்டா நீ போடா லூசுன்னுதான் சொல்லுவ, தெரியும். இருந்தாலும் கேக்குறேன்.

குரூப்ல சனிக்கிழமைன்னு முடிவு பண்ணியிருந்தானுங்க. சனிக்கிழமை சம்பள நாளு, அவனால வர முடியாதுன்னு சண்ட போட்டு ஞாயித்துக்கிழமைக்கு மாத்தியாச்சு. தாராபுரம் வழியா வர்ற பஸ்ல ஏறிட்டு ஒரு மிஸ்டு கால் குடு, ஒட்டன்சத்திரம் ஸ்டாண்டுக்கு வண்டி எடுத்துட்டு வர்றேன். மிஸ்ஸும் வர்றாங்க. உன் கெமிஸ்ட்ரி நோட்டு இன்னும் என்கிட்டதான் இருக்கு, அட்ட கிழிஞ்சிருச்சு, ஒட்டி வச்சிருக்கேன், வந்து வாங்கிக்க.