பூட்டைப் பார்த்தாயா, கயல்?

பரங்கிமலை,
நவம்பர் 18

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய போட்டோக்கள் எல்லாம் வந்து சேர்ந்தன. அம்மா பனிமலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள், நான் கதவுகளைப் பார்த்தேன். அவளுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. முறுக்கும் பருப்புப் பொடியும் பார்சல் போட்டாயிற்று. நீ வேலை பார்க்கும் உத்தராகண்ட் மலை ஊரான முன்சியாரிக்கு வந்து சேரப் பத்து நாளாவது ஆகும் என்று தபால் ஆபீஸில் சொன்னார்கள்.

அங்கிருந்து மேலே, திபெத் எல்லைப் பக்கத்து மிலமுக்குப் போய்வந்து நீ போனில் சொன்ன ஒரு வார்த்தை எனக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. "மிலம் செத்துப்போன ஊர்ப்பா. மொத்தமே ஏழு பேரைத்தான் பார்த்தேன், அதிலும் நாலு பேர் எல்லைக் காவல் படை" என்றாய். சரி சரி என்று வைத்துவிட்டேன். போனில் வாதாட எனக்கு வராது. அதனால்தான் கடிதம்.

நீ அனுப்பியதில் ஒரு நீலக் கதவு இருக்கிறதே, அந்தப் போட்டோவைப் பெரிதாக்கிப் பார். சட்டத்தில் பூ வேலைப்பாடு. நிலைக்கு மேலே கல் சரிந்திருக்கிறது. கீழே நாதாங்கியில் பூட்டு. அந்தப் பூட்டின் மேல் ஒரு பிளாஸ்டிக் பையைச் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறார்கள். பனி உருகிய தண்ணீர் உள்ளே இறங்கித் துருப்பிடிக்கக் கூடாது என்பதற்காக. செத்த ஊரில் யாரம்மா பூட்டுக்குக் குடை பிடிப்பார்கள்?

நீ போனது அக்டோபர் கடைசி வாரம். அந்தத் தேதியில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் மிலம் வாத்தியார் நைன் சிங்கின் காலத்தில் போயிருந்தாலும் அநேகமாகக் காலி ஊரைத்தான் பார்த்திருப்பாய். ஜோஹார் பள்ளத்தாக்கின் ஷௌகா மக்களுக்கு ஒருபோதும் ஒரே ஊர் இருந்ததில்லை. கோடையில் மிலம், மர்தோலி, புர்ஃபூ. குளிர் தொடங்கும்போது ஆடுகளை ஓட்டிக்கொண்டு முன்சியாரிக்கு இறங்குவார்கள். அப்புறம் இன்னும் கீழே, நவம்பரில் ஜௌல்ஜீபி சந்தை, நமக்குப் பொங்கல் வரும் நாளில் பாகேஷ்வர் உத்தராயணி சந்தை. வெயில் திரும்பியதும் மறுபடி மேலே. மூவாயிரத்து நானூறு மீட்டர் உயரத்தில் ஜனவரியில் யார் குடியிருக்க முடியும்?

இதை வெள்ளைக்காரன் புரிந்துவைத்திருந்தான். 1901 கணக்கெடுப்பு நாடு முழுக்க மார்ச் 1-ஆம் தேதியில் நடந்தது. மிலமில் அன்றைக்கு எண்ணினால் பனிதான் இருக்கும். அதனால் அங்கே முந்தைய செப்டம்பரிலேயே எண்ணிவிட்டார்கள். 1900 செப்டம்பரில் மிலமின் ஜனத்தொகை 1,733. குமாவுன் மலையிலேயே பெரிய ஊர்களில் ஒன்று அது. இன்றைக்கும் நம் அரசு அதே வழியில்தான் போகிறது. அடுத்த கணக்கெடுப்புக்கு நாட்டுக்கெல்லாம் 2027 மார்ச் 1, பனி மூடும் பகுதிகளுக்கு 2026 அக்டோபர் 1. தேதியை மாற்றினால் ஒரு ஊரே இருக்கும் அல்லது இல்லாமல் போகும். நாற்பது வருஷம் மேப் வேலை பார்த்தவன் சொல்கிறேன், எண்ணிக்கையைப் படிக்கும்போது முதலில் தேதியைப் பார்க்க வேண்டும்.

ஆனாலும் நீ சொன்னது முழுக்கத் தப்பு இல்லை. இறங்குவது எப்போதும் இருந்த வழக்கம். திரும்ப ஏறாமல் போனது 1962-க்குப் பிறகு.

அதுவரை அந்த ஊர் பிழைத்தது திபெத் வியாபாரத்தில். தானியம், வெல்லம், துணி எல்லாம் மேலே போகும். உப்பு, வெண்காரம், கம்பளி ரோமம் கீழே வரும். சுமை தூக்கியவை ஆடுகள். ஒவ்வொரு ஆட்டின் முதுகிலும் இரண்டு பக்கமும் தொங்குகிற சின்னப் பை, பத்துப் பன்னிரண்டு கிலோ இருக்கும். அப்படி நூற்றுக்கணக்கான ஆடுகள் ஊண்டா துரா, ஜெயந்தி, குங்ரி பிங்ரி என்று மூன்று கணவாய்களைத் தாண்ட வேண்டும். எல்லாமே ஐயாயிரம் மீட்டருக்கு மேல். இடையில் தங்கினால் ஆடுகளுக்குப் புல் கிடையாது என்பதால் மூன்றையும் ஒரே மூச்சில் கடக்கப் பார்ப்பார்களாம். அந்தப் பக்கம் ஞானிமா சந்தை. அங்கே ஒவ்வொரு ஷௌகா குடும்பத்துக்கும் தலைமுறை தலைமுறையாக ஒரு திபெத்திய மித்ரன் உண்டு. ஒப்பந்தத்துக்கு அடையாளம் கல். ஒரு கல்லை இரண்டாக உடைத்து ஆளுக்குப் பாதி வைத்துக்கொள்வார்கள். பேரன் வந்து பாதிக் கல்லை நீட்டினாலும் அது பொருந்தினால் சரி.

சீனப் போர் வந்தது, கணவாய் அடைபட்டது. லிபுலேக் கணவாய் வழியை 1992-இல் திறந்தார்கள், ஆனால் அது பக்கத்துப் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு. ஜோஹாரின் வழி திறக்கவே இல்லை. வியாபாரம் இல்லாமல் அந்த உயரத்தில் பக்வீட் என்ற மலைத் தானியமும் உருளைக்கிழங்கும் போட்டு ஐந்நூறு குடும்பம் எப்படிப் பிழைக்கும்? ஆடுகளை விற்றார்கள். 1967-இல் பழங்குடிப் பட்டியலில் சேர்த்தார்கள். பிள்ளைகள் ஏற்கெனவே படித்திருந்தார்கள், அரசு வேலைக்குப் போனார்கள். ஹல்த்வானி, டேராடூன், லக்னோ, டெல்லி. எனக்கு இதில் யார் மேலும் குறை சொல்லத் தோன்றவில்லை. நானும் உன்னைப் படிக்கவைத்துத்தானே இரண்டாயிரம் கிலோமீட்டர் தாண்டி அனுப்பியிருக்கிறேன்.

படிப்பு என்றதும் நைன் சிங் ராவத்தைச் சொல்லாமல் விட முடியாது. சின்ன வயதில் உனக்குக் கதையாகச் சொல்லியிருக்கிறேன், நினைவிருக்கிறதா? 1830-இல் பிறந்தவர், மிலம் பள்ளி வாத்தியார், அதனால் பண்டிட். நம் வீட்டு மாடியிலிருந்து தெரிகிறதே இந்த மலை, இதன் அடிவாரத்தில்தான் 1802 ஏப்ரலில் ஆங்கில சர்வேயர் லாம்டன் நாட்டை அளக்கும் வேலைக்காகச் சங்கிலி போட்டு முதல் அடிக்கோட்டை அளந்தார். இங்கே தொடங்கிய அளவை வடக்கே போய்ப் போய் இமயமலையில் முட்டி நின்றது. அந்தப் பக்கம் திபெத், வெள்ளைக்காரனுக்கு அனுமதி இல்லை. அந்த இடத்திலிருந்து அளவையைக் காலால் எடுத்துக்கொண்டு போனவர் உன் மிலம் வாத்தியார். டேராடூனில் அவருக்கு ஒரே மாதிரி எட்டு வைக்கப் பயிற்சி கொடுத்தார்கள், ஒரு மைலுக்கு இரண்டாயிரம் எட்டு. மேடு, பள்ளம், பனி எதுவானாலும் எட்டு மாறக் கூடாது. ஜபமாலையில் 108 மணிக்குப் பதில் 100 மணி, நூறு எட்டுக்கு ஒரு மணி. ஜபச் சக்கரத்துக்குள் மந்திரத்துக்குப் பதில் குறிப்புச் சீட்டு. 1866 ஜனவரியில் லாசா போய்ச் சேர்ந்தார். கொதிக்கும் தண்ணீரில் தெர்மாமீட்டர் வைத்து அந்த நகரத்தின் உயரத்தைக் கணக்கிட்டார். லண்டன் ராயல் புவியியல் சங்கம் 1877-இல் தங்கப் பதக்கம் கொடுத்தது. மவுண்ட் ஸ்டேஷனிலிருந்து வீடு வரை நாம் எட்டு எண்ணிக்கொண்டே நடப்போமே, அது அவரிடம் கற்றதுதான். நீ எப்போதும் இருநூறுக்கு மேல் தப்பவிட்டுவிடுவாய்.

இப்போது உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். 1986-இல் சர்வே வேலையாக நான் மிலம் போனேன். முன்சியாரியிலிருந்து நாலு நாள் நடை. வீடு வீடாகப் பார்த்து ஃபீல்டு புக்கில் குறித்துக்கொண்டு வந்தேன். ஒரு வீட்டில் கூரை பாதி விழுந்திருந்தது, உள்ளே செந்தட்டி மாதிரி ஒரு செடி ஆள் உயரம் வளர்ந்திருந்தது. 'பாழ்' என்று எழுதினேன். பின்னால் ஒரு குரல், என்ன எழுதுகிறாய் என்று. முதுகில் விறகுக் கட்டோடு ஒரு பாட்டி. அந்தப் பக்கத்தில் பாட்டியை ஆமா என்பார்கள். என் அரைகுறை இந்தியில் "உஜாட்" என்றேன். அவர் கட்டை இறக்கினார். இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் காட்டினார். சுவர் விழுந்த பக்கமாக யாரும் உள்ளே போகலாம், ஆனாலும் கதவில் பூட்டு. ஆட்டு ரோமத்தைத் திரித்துக் கடுகெண்ணெயில் தோய்த்துச் சாவித் துவாரத்துக்குள் விட்டு, சாவியை இரண்டு முறை திருப்பிப் பார்த்தார். சுகமாகத் திரும்பியது. பனியில் கூரை போயிற்று, அடுத்த கோடையில் மகன் வருவான் என்றார். அப்புறம் கொழுந்தனார் வீட்டுக்குக் கூட்டிப்போய் உப்பும் வெண்ணெயும் போட்ட டீ கொடுத்தார்.

அந்த வார்த்தையை அங்கேயே அடித்தேன். பதிலாக என்ன எழுதுவது என்று தெரியவில்லை, இடத்தை வெறுமையாக விட்டேன். அந்த மகன் வந்தாரா என்பதும் தெரியாது.

அதனால்தான் நீயும் அதே மாதிரி ஒரு வார்த்தையைச் சொன்னபோது எனக்குப் பொறுக்கவில்லை. மிலமின் ஜனங்கள் உன் கவுன்டருக்கு எதிரேதான் நிற்கிறார்கள், கண்ணு. பாஸ்புக்கில் பெயரைப் பார். மர்தோலியா என்றால் மர்தோலி, புர்ஃபால் என்றால் புர்ஃபூ, டோலியா என்றால் டோலா. மிலமின் ராவத்துகளை மிலம்வால் என்பார்கள். என் பெயருக்கு முன்னால் ஊரின் முதலெழுத்து நிற்கிறதே, அதே மாதிரிதான். பென்ஷன் வாங்க வரும் பெரியவர்களிடம் கேள், மேலே வீடு இருக்கிறதா, சாவி யாரிடம் என்று. கோடையில் மூலிகைக்கும் கீடா ஜடி என்ற மருந்துப் பூஞ்சைக்கும் வயலுக்கும் மேலே போகிறவர்கள் யார் யார் என்றும் கேள். சேர் சிங் பாங்தி என்ற வாத்தியார் முன்சியாரியில் தன் முயற்சியில் ஒரு அருங்காட்சியகம் வைத்தார். அவர் 2017-இல் காலமாகிவிட்டார். அங்கே போய்ப் பழைய ஆட்டுப் பைகளைத் தொட முடிந்தால் தொட்டுப் பார்.

அடுத்த வருஷம் செப்டம்பரில் லீவு எடுத்துக்கொண்டு இன்னொரு முறை மிலம் போ. பாதி வழிக்கு ஜீப் வரும் என்கிறாயே, எனக்கும் ஒரு இடம் வை. கால் ஒத்துழைத்தால் வருகிறேன். வராவிட்டால் உனக்காகப் பழைய ஃபீல்டு புக்கிலிருந்து எடுத்து எழுதுகிறேன்: ஊருக்குள் நுழையும் முதல் வீட்டிலிருந்து பெரிய பாதையில் 140 எட்டு, இடது பக்கச் சந்து, அதில் 35 எட்டு, வடக்கு பார்த்த வாசல். என் எட்டு உன்னுடையதைவிடக் கொஞ்சம் நீளம், பத்துக்கு ஒன்று கூட்டிக்கொள். கதவு இருந்தால் பூட்டை ஒரு போட்டோ எடு. சாவித் துவாரம் தெரிகிற மாதிரி, கிட்டே போய் எடு.

அம்மா ஸ்வெட்டர் போதுமா என்று கேட்கச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா