ஹம்மிங் பறவைக்கு நாட்டுச் சர்க்கரை வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

கடந்த ஞாயிறு இணைப்பில் அமெரிக்காவின் ஹம்மிங் பறவைகளைப் பற்றி வந்த கட்டுரையை ரசித்துப் படித்தேன். ஆனால் அதன் கடைசியில் ஒரு கட்டம் கட்டி, அவற்றுக்கு வீட்டிலேயே இனிப்பு நீர் தயாரிக்க வெள்ளைச் சீனிக்குப் பதில் தேனோ நாட்டுச் சர்க்கரையோ கலக்கலாம், சிவப்புச் சாயம் சேர்த்தால் சீக்கிரம் வரும் என்று போட்டிருக்கிறீர்கள். இந்த மூன்றுமே கூடாதவை. தயவுசெய்து திருத்தம் வெளியிடுங்கள்.

நான் மதுரைக்காரி. மகள் வீடு டெக்சாசில், ஹூஸ்டன் பக்கம் கேட்டியில். இங்கே வந்தால் கொல்லைப்புறத்து ஃபீடர், அதாவது பறவைக்கு இனிப்பு நீர் ஊற்றித் தொங்கவிடும் கலம், என் பொறுப்பு. என்னைப் போல ஆறு மாதம் வந்து தங்கும் அம்மா அப்பாக்கள் இந்த ஊரில் நிறையப் பேர்; காலைக் காப்பியோடு செல்போனில் உங்கள் பத்திரிகையைத்தான் படிக்கிறோம். யாராவது பெட்டியில் கொண்டுவந்த நாட்டுச் சர்க்கரையை எடுத்துக் கரைத்துவிடப் போகிறார்களே என்றுதான் எழுதுகிறேன்.

வெள்ளைச் சீனி என்றாலே விஷம் என்று நமக்கு ஊறிப்போய்விட்டது. சரி, நமக்குச் சர்க்கரை வியாதி. மூன்று கிராம் எடையுள்ள பறவைக்கு எதற்கு நம் பத்தியம்? அது குடிக்கிற பூக்களின் தேனில் இருப்பது பெரும்பாலும் சுக்ரோஸ் என்கிற சர்க்கரை. கடைச் சீனியும் அதேதான். வெல்லம், நாட்டுச் சர்க்கரையில் இருக்கும் இரும்புச்சத்து நமக்கு நல்லது; இரும்பு மிகக் குறைவான பூந்தேனுக்கே பழகிய அந்த உடம்புக்குக் கெடுதல். தேனில் தண்ணீர் கலந்தால் சீக்கிரமே புளித்துப் பூஞ்சை பிடிக்கும். சாயத்துக்கோ அவசியமே இல்லை, ஃபீடரே சிவப்பாகத்தானே இருக்கிறது.

ஒரு டம்ளர் சீனிக்கு நான்கு டம்ளர் தண்ணீர். அவ்வளவுதான் கணக்கு. பாகு பதமெல்லாம் பார்க்க வேண்டாம். சீனி கரைந்ததும் இறக்கி, நன்றாக ஆறவிட்டு ஊற்ற வேண்டும். மிச்சத்தை ஃபிரிட்ஜில் ஒரு வாரம் வைக்கலாம்.

உங்கள் கட்டுரை தொடாத விஷயம் கழுவுவது. ஹூஸ்டன் வெயிலில் இரண்டு நாளிலேயே நீர் கலங்கிவிடும். பறவை அலகை நுழைக்கும் ஓட்டைகளின் உள்விளிம்பில் மிளகுப் பொடி தூவினாற்போலக் கறுப்புப் புள்ளிகள் வரும். அது பூஞ்சை. ஓட்டைக்கென்றே விற்கும் சின்ன பிரஷ்ஷை விட்டுத் தேய்த்து, வெந்நீரும் வினிகரும் ஊற்றி அலசினால்தான் போகும். வாங்கி மாட்டிவிட்டு மறந்துபோன ஃபீடர்களை இந்தத் தெருவிலேயே பார்க்கிறேன். கழுவ நேரமில்லாதவர்கள் பேசாமல் டர்க்ஸ் கேப் செடி ஒன்றை நட்டுவிடலாம். செம்பருத்தி வகைதான், டெக்சாஸ் மண்ணுக்கு உரியது. பூவை விட்டு இந்தப் பறவை நகராது.

எறும்புக்கு, கம்பியில் எண்ணெயோ வாசலினோ தடவச் சொல்கிறவர்கள் உண்டு. இறகில் ஒட்டினால் பறக்கவே சிரமப்படும், வேண்டாம். ஃபீடருக்கு மேலே தண்ணீர்க் கிண்ணம் ஒன்றைத் தொங்கவிட்டால் போதும், தட்டில் தண்ணீர் ஊற்றிப் பால் பாத்திரத்தை வைப்போமே, அதே வித்தைதான்.

அப்புறம் சண்டை. பார்க்க விரல் நீளம், குணம் பேட்டை ரவுடி. மரக்கிளையில் ஒன்று காவல் உட்கார்ந்துகொண்டு மற்றதையெல்லாம் விரட்டும். கழுத்து கறுப்பாகத் தெரியும்; தலையைத் திருப்பி வெயில் பட்டதும் பளீரென்று சிவக்கும். இன்னொரு ஃபீடரை அதன் கண்ணில் படாமல் வாசல் பக்கம் மாட்டுவதுதான் வழி.

செப்டம்பரில் ஃபீடரை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வலசை போகாது என்றும் எழுதியிருக்கிறீர்கள். பகல் குறையக் குறைய அது தானே கிளம்பிவிடும். இந்த மாதம்தான் மாணிக்கக் கழுத்து ஹம்மிங் பறவைகள் டெக்சாஸ் கடற்கரை வழியாகக் கூட்டமாகத் தெற்கே போகின்றன. ராக்போர்ட் ஊரில் அதற்கென்றே விழா எடுக்கிறார்கள். மெக்சிகோவுக்கும் மத்திய அமெரிக்காவுக்கும் போக உடம்பில் கொழுப்பு ஏற்றிக்கொள்ளும் நேரம் இது. கடைசிப் பறவையைப் பார்த்து இரண்டு வாரம் கழித்துக் கழற்றினால் போதும். எனவே திருத்தத்தை அடுத்த ஞாயிறே போட்டால் உபயோகமாக இருக்கும்.

இப்படிக்கு,
மதுரை வாசகி ஒருவர்,
தற்போது கேட்டி, டெக்சாஸ்