18 என்று எழுதிவிடாதே

அன்புள்ள மகளுக்கு,

நர்ஸிங் வகுப்பு தொடங்கிவிட்டது என்று நீ போனில் சொன்னபோது சந்தோஷத்தில் பேச்சே வரவில்லை. அன்று விட்டதை இப்போது எழுதுகிறேன். நீ படிக்கிற 'வொகேஷனல் நர்ஸ்' என்ற பெயர் டெக்சாஸிலும் கலிபோர்னியாவிலும் மட்டும்தானாமே, மற்ற மாநிலங்களில் 'பிராக்டிகல் நர்ஸ்' என்கிறார்கள். பெயர் கிடக்கட்டும். கட்டிலருகே அதிக நேரம் நிற்கப்போவது நீதான். நீ எழுதி வைக்கிறதைப் பார்த்துத்தான் மேலே இருக்கிற நர்ஸும் டாக்டரும் முடிவெடுப்பார்கள்.

அதனால் எண்ணாமல் எதையும் எழுதாதே. முக்கியமாக மூச்சை.

பி.பி.க்கு மெஷின் உண்டு, பல்ஸுக்கும் உண்டு. வார்டில் மூச்சை மட்டும் பெரும்பாலும் கண்ணால்தான் எண்ண வேண்டும். அவசரத்தில் எல்லோரும் கோட்டை விடுவது அங்கேதான். சார்ட்டைப் புரட்டினால் 18, 18, 20, 18. வார்டே ஒரே தாளத்தில் மூச்சு விடுகிற மாதிரி! நானும் அப்படி எழுதியவள்தான். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், நைட் டூட்டி. ஆபரேஷன் முடிந்து படுத்திருந்த ஒரு பெரியவர், காய்ச்சல் இல்லை, பி.பி. சரி. 18 என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். பின்னாலேயே வந்த சீனியர் சிஸ்டர் போர்வையை விலக்கிப் பார்த்தார். பேனாவை என் கையில் கொடுத்து, "நீயே எண்ணி எழுது" என்றார். எண்ணினேன். 32. நிமோனியா ஆரம்பித்திருந்தது. பெரியவர் பிழைத்துக்கொண்டார். அந்த 18-ஐ மட்டும் நான் இன்னும் மறக்கவில்லை.

பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை சரி. ஆனால் மூச்சை எண்ணப்போகிறோம் என்று சொல்லிவிட்டால் அவர்களை அறியாமலே மூச்சு மாறிவிடும். பல்ஸ் எண்ணி முடித்த பிறகும் மணிக்கட்டை விடாமல் பிடித்துக்கொண்டு மார்பைப் பார். ஏறி இறங்கினால் ஒன்று. முழுசாக ஒரு நிமிடம்.

மருந்து கொடுக்கிற விதிகளை உன் டீச்சர்களே தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிக்கிற அளவுக்குச் சொல்லித் தருவார்கள். நான் சேர்ப்பது ஒன்றுதான். "நீங்கள்தானே இன்னார்?" என்று கேட்காதே, காது மந்தமானவர்கள் எதற்கும் தலையாட்டுவார்கள். பெயரை அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல், கைப்பட்டையிலும் சரிபார். அப்புறம், திருப்பிப் படுக்க வைக்கும்போது குதிகாலையும் வாலெலும்பையும் பார். சிவந்திருந்தால் விரலால் அழுத்து. விரலை எடுத்தும் வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் படுக்கைப் புண் தொடங்குகிறது.

டாக்டரை நடுராத்திரியில் எழுப்பப் பயப்படாதே. "ஒரு மாதிரி இருக்கிறார்" என்றால் யாரும் எழுந்து வரமாட்டார்கள். "மூச்சு 12 மணிக்கு 20, இப்போது 28, படுக்க முடியவில்லை, உட்கார்ந்தே இருக்கிறார்" என்று சொல்லிப் பார்.

கட்டிலை உன் இடுப்பு உயரத்துக்கு ஏற்றிவிட்டு வேலை செய். என் முதுகுக்கு இந்தப் புத்தி தாமதமாகத்தான் வந்தது.

சட்டையில் குத்திக்கொள்கிற என் பழைய வாட்சைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். மணிக்கட்டில் எதுவும் இல்லாவிட்டால் கை கழுவ வசதி. செகண்ட் முள் சரியாக ஓடுகிறது, பேட்டரி போன மாதம்தான் போட்டேன். கிடைத்ததும் போன் பண்ணு.

அன்புடன்,
அம்மா