ஹீட்டரை எப்போது போடுவது: அப்பாவுக்கு ஒரு கடிதம்

வென்ட்வர்த்வில், சிட்னி
ஜூன் 18

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். இங்கே அம்மாவும் நாங்களும் குழந்தையும் நலம். உங்கள் நலமறிய ஆவல். பகலில் 17 டிகிரி இருக்கிற ஊரில் வீட்டுக்குள் ஹீட்டர் எதற்கு, ஊட்டியில் இருக்கிறவர்கள் சால்வையைப் போர்த்திக்கொண்டு சமாளிக்கவில்லையா என்று போன கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். அம்மாவும் தினம் ஒரு முறையாவது இதையே கேட்பதால், இருவருக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

சிட்னி குளிர்தேசம் இல்லை என்பது உண்மைதான். பனியைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் காரில் பல மணி நேரம் தெற்கே போய்க் கோசியஸ்கோ மலைப்பக்கம் ஏற வேண்டும். ஆனால் கடலைவிட்டு உள்ளே தள்ளியிருக்கும் எங்கள் மேற்குப் பகுதியில் ஜூலை இரவுகள் ஆறேழு டிகிரிக்கு இறங்கிவிடும். அதைவிடப் பெரிய சங்கடம் வீடுதான். இங்குள்ள பழைய வீடுகள் கோடையை மட்டும் நினைத்துக் கட்டியவை: ஜன்னலுக்கு ஒற்றைக் கண்ணாடி, வாசல் கதவுக்கு அடியில் விரல் நுழையும் இடைவெளி, நடந்தால் உள்ளங்கால் சில்லிடும் டைல்ஸ் தரை. கனடாவில் இருக்கும் சித்தி மகன் வெளியே மைனஸ் 20 இருக்கும்போதும் அரைக்கைச் சட்டையோடு வீட்டுக்குள் உட்கார்ந்து வீடியோவில் பேசுகிறான். நாங்கள் ஸ்வெட்டருக்கு மேல் சால்வையோடு அவனுக்குப் பதில் சொல்கிறோம். வெயிலுக்குப் பேர்போன ஆஸ்திரேலியாவில் வெப்பத்தைவிடக் குளிரோடு தொடர்புடைய சாவுகளே அதிகம் என்று 2015இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு சொல்கிறது. இந்த வீட்டில் ஒரு ஜூலை மாதத்தைக் கழித்தவர்களுக்கு அது ஆச்சரியமாக இருக்காது.

போட வேண்டும் என்பதில் எனக்கும் உங்கள் மாப்பிள்ளைக்கும் சண்டை இல்லை, எப்போது போடுவது என்பதில்தான் ஆளுக்கொரு சட்டம். 1915இல் கலிப்போலியில் இறங்கிய படையினரை நினைவுகூரும் ஆன்சாக் தினமான ஏப்ரல் 25 வரும்வரை ஹீட்டரைத் தொடக்கூடாது என்பது கான்பரா, மெல்பர்ன் பக்கத்துக்காரர்களின் வைராக்கியம். அவர்களைவிட வெதுவெதுப்பான ஊரில் இருக்கும் உங்கள் மாப்பிள்ளை அதையும் தள்ளிப்போட்டு, இந்த நாட்டுக் கணக்கில் குளிர்காலம் பிறக்கும் ஜூன் 1 வரை பல்லைக் கடித்துக்கொண்டிருக்கலாம் என்ற கட்சி. காலண்டரைப் பார்த்துக் குளிர் வருவதில்லை என்று எத்தனை சொன்னாலும் அவருக்கு அதில் ஒரு வீம்பு.

அம்மாவின் அளவுகோல் சமையலறையில் இருந்தது. ஏப்ரலிலேயே தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் வெள்ளையாக உறைந்துவிட்டது; ஆனால் அது 24 டிகிரிக்குக் கீழே போனாலே உறைந்துவிடும் என்பதால், அதை நம்பினால் வருடத்தில் பாதி நாள் ஹீட்டர் ஓட வேண்டியதுதான். மே கடைசியில் இரவு கரைத்து வைத்த தோசை மாவு மறுநாள் மதியம்வரை அசையாமல் கிடந்தபோதுதான், இது குளிர்தான் என்று அம்மா ஒப்புக்கொண்டார்கள். அப்போதும் ரிமோட்டைத் தொடவில்லை; மாவுப் பாத்திரத்தை ஓவனுக்குள் வைத்து அதன் விளக்கை மட்டும் எரியவிட்டார்கள். மாவுக்குக் காட்டுகிற கரிசனத்தைப் பேரனுக்கும் காட்டலாமே என்று கேட்டேன், பதில் வரவில்லை.

நான் ஹால் சுவரில் ஒரு வெப்பமானியை மாட்டிவிட்டேன். வீட்டுக்குள் 18 டிகிரிக்குக் குறையாமல் இருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறது. குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் இன்னும் சற்றுக் கூடுதலாக வேண்டியிருக்கலாம் என்றும் அதில் இருக்கிறது. ஆகவே மாதம் எதுவானாலும், பிற்பகல் மூன்று மணிக்கு முள் 18க்குக் கீழே இருந்தால் போட்டுவிடுவது, இல்லையென்றால் விட்டுவிடுவது என்று வைத்துக்கொண்டோம். மூன்று மணிக்குக் காரணம் உண்டு. கோடையில் குளிரவைக்கும் அதே ஏசிதான் இங்கே குளிர்காலத்தில் திருப்பி வேலை செய்து, வெளிக்காற்றில் இருக்கும் கொஞ்சநஞ்ச வெப்பத்தையும் இழுத்து உள்ளே தள்ளுகிறது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று நான்கு யூனிட் வெப்பம் கிடைத்துவிடும். வெளியே இன்னும் வெதுவெதுப்பு இருக்கும்போது போட்டால் அது அதிகம் சிரமப்படாது. மேலும் எங்கள் மின்சாரத் திட்டத்தில் நான்கு மணிக்கு மேல் யூனிட் விலை ஏறிவிடும். ஹாலை மட்டும் கதவடைத்து 20இல் வைக்கிறோம், ஒவ்வொரு டிகிரி கூட்டும்போதும் செலவு 5 முதல் 10 சதவீதம் ஏறும் என்பதால். அம்மாவுக்கு மாப்பிள்ளை வாங்கித் தந்த 2,400 வாட் எண்ணெய் ஹீட்டர், உருவத்தில் சாதுவாகத் தெரிந்தாலும், மின்சாரத்தைக் குடிப்பதில் ஏசியைத் தோற்கடித்துவிடும். அதை அம்மா அறையில் படுக்கும் முன் அரை மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்கிறோம்.

காசில்லாத வெப்பமும் உண்டு. பூமியின் இந்தத் தென்பாதியில் குளிர்கால வெயில் வடக்கிலிருந்துதான் வீட்டுக்குள் விழும். காலை பத்து மணிக்கு வடக்கு ஜன்னல் திரைகளை விலக்குவதும், ஐந்து மணிக்கே சூரியன் மறைந்துவிடுவதால் அதற்கு முன் இழுத்து மூடுவதும் அம்மாவின் பொறுப்பு. அதை வாசல் தெளிப்பதுபோல் தவறாமல் செய்கிறார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதமாக நின்றேன். குழந்தையைக் குளிப்பாட்டியதும் கரிநெருப்பில் சாம்பிராணி போட வேண்டும் என்றும், அந்த நெருப்பையே அறையில் வைத்தால் ஹீட்டரே வேண்டாம் என்றும் அம்மா சொன்னார்கள். பாளையங்கோட்டையில் முற்றம் இருக்கிறது, புகையும் வாயுவும் மேலே போய்விடும். இங்கே எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டு இருக்கும்போது, கனலும் கரி கக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. கூரையில் இருக்கும் புகை அலாரத்துக்குக்கூட அது தெரியாது. இங்குள்ள தீயணைப்புத் துறை குளிர்காலத்தில் இதைப் பற்றி எச்சரிப்பது வழக்கம். தூங்கும் குழந்தைக்குக் குல்லாய் போடக் கூடாது, அளவுக்கு மீறிப் போர்த்துவதும் ஆபத்து என்று வீட்டுக்கு வந்த நர்ஸும் சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்ன பிறகு அம்மா என் வெப்பமானியைக் கொஞ்சம் மதிக்கிறார்கள்.

அங்கே குற்றாலத்தில் சாரல் தொடங்கியிருக்கும். உங்களுக்குக் கால் வலி அதிகமில்லையே? தொலைபேசியில் அம்மாவோடு பேசும்போது எதை வேண்டுமானாலும் கேளுங்கள். இந்த மாதம் கரண்ட் பில் எவ்வளவு என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் அன்று மூன்று மணிக்கு ரிமோட்டை எங்காவது ஒளித்து வைத்துவிடுவார்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்