‘ழான்’ சரிதானா?

ஆசிரியருக்கு,

சுவிஸ் உளவியலாளர் யுங்கின் பெயரில் யகரமாகவும், ஸ்பானியரின் ஹொசேயில் ஹகரத்தை ஒட்டியும் ஒலிக்கும் ரோமன் எழுத்தாகிய ‘ஜே’, பிரெஞ்சு மொழியில் காற்று உரசிப் பிறக்கும் ஒலியாகிறது. அதைத் தமிழ் இதழ்கள் ‘ழான் பால் சார்த்ர்’ என்று ழகரத்தால் எழுதுவது எனக்கு நெடுநாளாக உறுத்துகிறது. நாநுனியை மேலே வளைத்து அண்ணத்தை வருடிச் சொல்லும் நம் ழகரத்தில் அந்த உரசலே இல்லை. ஆங்கிலத்தில் இரண்டு ஒலிகளையும் ‘இசட், எச்’ என்ற ஒரே இணையால் குறிப்பதே இக்குழப்பத்துக்கு வழிவகுத்திருக்க வேண்டும். ‘ஜான்’ என்றால் ஆங்கிலப் பெயரோடு மயங்கும் என்பது உண்மையே. ஆயினும் மலையாளத்தாரும் நாமும் இன்றுவரை காத்துவரும் எழுத்தை அதற்குரியதல்லாத ஒலிக்குக் கடன் கொடுப்பதைவிட, சற்றே மென்மை குறைந்தாலும், ‘ஷான்’ என எழுதுவது பிரெஞ்சு ஒலிக்கு நெருக்கமாக இருக்கும்.

இப்படிக்கு,
வாசகர், புதுச்சேரி