பற்பசை உறையில் அளவுப் படம் தேவை

ஆசிரியருக்கு,

பல் சொத்தையைத் தடுக்கும் ஃபுளோரைடு என்ற தாதுப்பொருள் சேர்ந்த பற்பசை பாதுகாப்பானதா என்று கேட்ட தங்கள் செய்தியைப் படித்தேன். தலைப்பில் இருந்த பயத்துக்கு உள்ளே விளக்கம் இல்லை. பற்பசையைத் துப்பிவிடுகிறோம், துப்பத் தெரியாமல் விழுங்கிவிடும் குழந்தைகளிடம்தான் கவனம் வேண்டும். 3 வயதுக்குள் ஓர் அரிசி அளவு, 6 வயது வரை பட்டாணி அளவு, அவ்வளவே. விளம்பரத்தில் பிரஷ் நிறையப் பிதுக்குகிறார்களே, அது யாருக்குமே வேண்டாத அளவு!

சரி, எப்போது துலக்குவது? பல்லைக் காக்கும் உமிழ்நீர் தூக்கத்தில் குறைவதால் படுக்குமுன் துலக்குவது மிக முக்கியம். செய்தி அதைத் தொடவே இல்லை. என் பேத்தியின் பற்பசையில் அளவுக் குறிப்பைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டியிருக்கிறது. வயதுக்கேற்ற அளவை உறையின் முன்பக்கம் படமாகவே அச்சிடலாம். 'இரவிலும் துலக்குங்கள், துப்பியபின் தண்ணீரால் கொப்பளிக்க வேண்டாம்' என்ற வரியும் அதனுடன் சேரட்டும்; கொப்பளித்தால் பல்லில் தங்க வேண்டிய ஃபுளோரைடும் போய்விடுமே.

– ஒரு வாசகர்